எந்த ஓம்?

பலேர்மோவில் எங்களோடு ஒரே குசினியில் நாலைந்து வருடம் சமைத்துச் சாப்பிட்ட அக்கா ஒருவர் இருந்தார். அத்தனை காலத்திலும் அவர் இன்னொரு மனிதருக்கு ‘ஓம்’ என்று சொல்லி நான் கேட்டது ஒரேயொரு தரம்தான். ஆமாம் என்பதற்கு ஓம் என்கிற வன்னியில் பிறந்து வளர்ந்த மனிசிக்கு அது சொல்லத் தெரியாமலா இருக்கும்? தெரியும். சொல்ல மாட்டார்.

“பசிக்குதோ அக்கா?” என்று கேட்டால் “பசிக்குது” என்பார். “நாளைக்கு வேலை இருக்கோ?” என்றால் “இருக்கு.” சோறு போடட்டுமா என்றால் “போடுங்கோ.” நாங்கள் கேட்ட சொல்லையே திருப்பி எங்கள் கையில் தருவார். இரண்டு எழுத்தில் முடிகிற காரியத்துக்கு ஏன் இந்த மெனக்கேடு என்று எனக்கு ஒரே எரிச்சல். பெருமை என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு இத்தாலியன் சொல் சரியாக வந்துவிட்டால் எங்கள் சனத்துக்குத் தலைகால் தெரியாது என்று இவரிடம் முறையிட்டேன். இவர் என்றால் என் கணவர். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லுகிற ஆள். நான் முறையிட்டதற்கும் “ஓம், ஓம்” என்றுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

அக்காவின் இத்தாலியன் நாலு சொல் இத்தாலியன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நாலு சொல் என்றால், அது நாங்கள் மற்றவர்கள் வீடு துடைத்துக் கற்ற இத்தாலியன். வாளி, துணி, யன்னல், வீட்டுக்கார அம்மாவுக்குச் சிஞ்ஞோரா, நாளைக்கு வாறன், அவ்வளவுதான். அக்கா பார்த்துக்கொண்ட கிழவி சிஞ்ஞோரா ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கண் தெரியாமல் போனதால் தினமும் அக்காவைக்கொண்டு பேப்பர் வாசிப்பித்தாராம். பிழை விட்டால் கட்டிலில் கிடந்தபடியே கைத்தடியால் தட்டித் திருத்துவாராம். கிழவி கண்ணை மூடியபோது அக்காவுக்கு வேலை போனது, மொழி மிஞ்சியது. அதை வைத்துத்தான் ஒரு கம்பனியில் தொலைபேசி மொழிபெயர்ப்புக்குச் சேர்ந்தார். இத்தாலியின் எந்த மூலையிலாவது ஒரு தமிழர் ஆஸ்பத்திரியிலோ குவெஸ்தூராவிலோ வாய் திறக்க முடியாமல் நின்றால், அங்கே இருந்து கம்பனிக்கு அடிப்பார்கள், கம்பனி அக்காவுக்குத் தொடுத்துவிடும். குவெஸ்தூரா என்றால் பொலிஸ் அலுவலகம், எங்கள் விசா எல்லாம் அங்கேதான். இந்த வேலை செய்கிறவர்களை இங்கே மெடியாத்ரிச்சே என்பார்கள். தமிழுக்கு அப்படி இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

வேலை கிடைத்தது. இருந்து கதைக்க இடம் வேண்டுமே.

எங்கள் வீடு கால்சாவில், கடலுக்குக் கிட்ட. யாரோ பிரபு குடியிருந்த பழைய மாளிகை. முன்பக்கத்தைப் புதுப்பித்துச் சுற்றுலாக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள்; பின்பக்கத்து மூன்றாம் மாடி, சுவர் உரிந்தபடி, எங்களுக்கு. அக்காவின் படுக்கையறை பின்தெருப் பக்கம். அங்கே இருந்து கதைத்தால் ஆளின் குரலை விட மோட்டார் சைக்கிளின் குரல்தான் கூடக் கேட்கும். குசினியை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. கோயில் சமையலுக்கு வாங்கிய பெரிய கிடாரங்கள், எங்கள் சூட்கேஸ்கள், உடைந்த மின்விசிறி எல்லாம் அதற்குள். அந்த அறையைத் தரும்படி கேட்டார். நான் மனமில்லாமல்தான் கிடாரங்களை எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

மேசையாக வந்தது, செத்துப்போன சிஞ்ஞோராவின் தையல் மெசின். மெசினைக் கழற்றி எடுத்துவிட்டு மேலே பலகை போட்டார். கீழே மிதிகட்டை அப்படியே இருந்தது. கதைக்கும்போது பதற்றத்தில் அக்கா அதை மிதிக்கத் தொடங்கிவிடுவார். தனக்கே தெரியாது. வடக்கே இருந்து ஒரு அதிகாரி, நீங்கள் ரயிலில் இருந்தா கதைக்கிறீர்கள் என்று கேட்டாராம். அன்றைக்கே பழைய சீலையைக் கிழித்து மிதிகட்டையை மேசைக் காலோடு இறுக்கக் கட்டினார். கதிரை, மக்வேதா வீதியில் மூடிய ஒரு அலுவலகம் வெளியே எறிந்தது. நானும் இவரும் அக்காவுமாக அதைத் தெருவழியே உருட்டிக்கொண்டு வந்தோம். சனம் பார்த்துச் சிரித்தது. நல்ல சுழல் கதிரை, முதுகுக்கு இதமாய் வளைந்தது, ஆனால் அக்கா கட்டை. கால் நிலத்தில் முட்டாது. கால் தொங்கினால் இடுப்பு விறைக்கும், இடுப்பு விறைத்தால் கவனம் பிசகும் என்று மாவு வந்த டின், மாத்தகரம் ஒன்றைக் கவிழ்த்துக் காலுக்கு வைத்தார்.

இவர் வந்து பார்த்துவிட்டு, மேசையைக் கிழக்குப் பார்த்துப் போடச் சொன்னார். வேலை செய்கிறவர் கிழக்குப் பார்த்திருந்தால் விருத்தி என்று அவருடைய எண்ணம். அக்கா கேட்கவில்லை. கதவைப் பார்த்தபடிதான் போட்டார். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் தனக்குக் காது ரெண்டும் கதவில்தான் இருக்கும், ஆள் சொல்லுகிறது கேட்காது என்றார். வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களைக் கண்டவர்கள் பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

பிரபு வீட்டுக் கூரை ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. ஒரு சொல் சொன்னால் மேலே போய்ச் சுற்றிவிட்டு வரும். அந்த எதிரொலியை அடக்க அக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. கதவுக்கு உள்பக்கம் பருத்திப் போர்வை இரண்டு அடித்தார். சுவருக்கு முட்டை அடுக்குகிற காகிதத் தட்டு. கீழே இருந்த பாரில், கோப்பி குடிக்கிறவர்கள் நடுவே நின்று முட்டைத் தட்டுக் கேட்பார். பார்க்காரன் அக்காவைக் கோழி வளர்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் நாட்டு முட்டை கேட்டான். சுவர் முழுக்கத் தட்டு ஒட்டியபிறகு அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்கு மூச்சு முட்டும். என் சத்தம் என் வாயை விட்டுப் போகாது. அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இனி ஒரு துவாய், முகம் துடைக்கிற சிவப்புத் துவாய். அக்கா வேலையில் இருந்தால் கதவுப் பிடியில் சிவப்புத் துவாய் தொங்கும். துவாய் தொங்கினால் வீட்டில் மிக்சி இல்லை, உடுப்புத் தோய்க்கிற மெசின் இல்லை, சோறு காய்ச்சுகிற குக்கரும் இல்லை. சத்தத்துக்காக மட்டும் இல்லை. இத்தாலிக்கு வந்து இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு வீட்டுக்கு விடுகிற கறண்ட் மட்டுமட்டு. குக்கரும் வெந்நீர்ப் பொயிலரும் ஒன்றாய் ஓடினால் கொந்தாத்தோரே விழுந்துவிடும். கொந்தாத்தோரே என்றால் கறண்ட் மீற்றர். அது இருப்பதோ கீழ் மாடியில், மாளிகை வாசலில். விழுந்தால் மூன்று மாடி இறங்கிப் போய்த் தூக்கிவிட்டு மூன்று மாடி ஏறி வர வேண்டும். அக்காவின் அழைப்புகள் கம்பியூட்டர் வழியாக வருபவை. கறண்ட் போனால் அந்தப் பக்கத்தில் டொக்டருக்கோ அதிகாரிக்கோ முன்னால் இருக்கிற ஆள் பாதிச் சொல்லில் அநாதையாய் நிற்பார். அந்த நினைப்பே அக்காவைத் தின்றது. காலையில் எழும்பினால் பொயிலர் எப்போது தானாய்ப் பற்றும் என்று கணக்குப் பார்ப்பார். நான் குக்கருக்குக் கிட்டப் போனாலே குசினி வாசலில் வந்து நிற்பார். எங்கள் வீட்டில் மத்தியானச் சோறு மூன்று மணிக்கு முந்தி வெந்தது குறைவு. வயிறு காய்ந்தால் எனக்கு வாய் நீளும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் அரிசியை ஊறப் போட்டுவிட்டு வந்து இருப்பேன்.

தெருவில் வெங்காயம் போட்ட தடித்த ரொட்டி விற்கிறவன் ஒருவன் மூன்று சில்லு வண்டியில் வருவான். ஸ்பீக்கரில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப அலறும். அக்கா கீழே போய் அவனிடம் கெஞ்சினார், இந்த வாசல் கடக்கும்வரை மட்டும் ஸ்பீக்கரை நிற்பாட்டும்படி. நல்ல மனிதன், ஒத்துக்கொண்டான். அன்று தொடக்கம் எங்கள் யன்னலுக்குக் கீழே வந்து ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டு, தன் தொண்டையால், “சிஞ்ஞோரா, நிற்பாட்டிவிட்டேன்” என்று அடிவயிற்றிலிருந்து கத்துவான். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, முட்டைத் தட்டை இன்னொரு வரிசை கூட்டி ஒட்டினார்.

யாரும் பார்க்காத வேலைக்கு அக்கா உடுத்துவதைப் பார்க்க வேண்டும். தலை வாரி இறுக்கிப் பின்னி, மடிப்புக் குலையாத மேற்சட்டை போட்டு, பொட்டு வைத்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் பத்து அடி நடந்து அந்த அறைக்குள் போவார். பக்கத்தில் மூடி போட்ட தம்ளரில் தண்ணீர். தேத்தண்ணி கொண்டுபோக மாட்டார், உறிஞ்சுகிற சத்தம் மற்றவருக்கு அவமரியாதையாம். வேலை முடிந்து வெளியே வந்தால் நேரே தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்க் கை கழுவுவார். கை கழுவிக்கொண்டே நிற்பார். யாருக்கு என்ன நடந்தது, எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் வாயால் வராது. அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே. நானும் தூண்டில் போட்டுப் பார்த்தேன், மீன் படவில்லை.

சொற்களைப் பற்றி மட்டும் கேட்பார். ஒருநாள் மத்தியானம் ஈரக் கையோடு வந்து என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, ‘அந்தரமாய் இருக்கு’ எண்டு ஒராள் சொன்னா, நீங்கள் என்னெண்டு விளங்குவீங்கள்?”

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இதென்ன கேள்வி, அந்தரம் என்றால் அந்தரம்தான் என்றேன். அவசரமோ, பயமோ, மூச்சு முட்டுகிறதோ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். எல்லாம்தான் என்றேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம் வாசலில் மணி அடிச்சா வருமே, அது. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு சொல் இத்தாலியனில் இல்லையாம். ‘பயம்’ என்று மாற்றினால் யாருக்குப் பயம் என்று கேட்பார்களாம், ‘அவசரம்’ என்றால் ஏன் அவசரம் என்பார்களாம், ‘மூச்சு’ என்றால் உடனே நெஞ்சில் குழாயை வைப்பார்களாம். தான் எதைச் சொன்னார் என்று சொல்லவில்லை. அன்று இரவு சாப்பாட்டில் கையை வைத்தபடி இருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்தரம் என்றால் என்ன என்று இத்தாலிக்காரருக்குக் காட்ட வேண்டுமானால் இந்த மனிசியைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

ஓம் கதைக்கு வருகிறேன்.

முட்டைத் தட்டு ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பசை பூசிக் கொடுக்க அக்கா ஏணியில் நின்று ஒட்டினார். பகிடியாகத்தான் கேட்டேன், அக்கா, உங்களுக்கு ஓம் எண்டு சொன்னா பல்லுக் கொட்டுமோ என்று. ஏணியை விட்டு இறங்காமலே சொன்னார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

சண்டை முடிந்து வந்த புதிதில் அவருக்கு அகதி விசாரணை. நடுவில் இருந்து மொழிபெயர்த்தவர் யாரோ, தமிழர்தான், அவசரக்காரர். அதிகாரி நீளமாகக் கேட்க, அவர் துண்டு துண்டாகத் தமிழில் சொல்ல, அக்கா ஒவ்வொரு துண்டுக்கும் “ஓம்... ஓம்...” என்றிருக்கிறார். நாங்கள் அப்படித்தானே. டெலிபோனில் மற்ற ஆள் கதைக்கும்போது நாங்கள் ஓம் போடாவிட்டால், இருக்கிறியோ, லைன் கட்டாகிட்டுதோ என்று கேட்பார்கள். அந்த ஓமுக்குக் கேக்குது என்று அர்த்தம், சொல்லுங்கோ என்று அர்த்தம், நான் இஞ்சைதான் இருக்கிறன் என்று அர்த்தம். அங்கே அந்த அதிகாரி கேட்டது, கொழும்பில் உனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களே, நீ அங்கே போய்ப் பயமில்லாமல் இருக்கலாம்தானே என்று. பாதியில் அக்கா போட்ட ஓமை முழுக் கேள்விக்கும் பதிலாக எழுதிவிட்டார்கள். மறுத்துக் கடிதம் வந்தபிறகுதான் வழக்கறிஞர் அம்மா சொல்லித் தெரிந்ததாம். வழக்குப் போட்டு, இழுபட்டு, கடைசியில் பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்க விடுகிற அட்டை, கையில் கிடைத்தபோது, வவுனியாவில் பெரியம்மாவோடு விட்டுவிட்டு வந்த மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பதினெட்டுக்கு முந்திய பிள்ளையைத்தான் தாய் கூப்பிடலாம்.

“ஒரு ஓமிலை போனவன் என்ரை பிள்ளை,” என்றார். பிறகு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.

இத்தனை நாளும் பெருமை என்று நினைத்திருந்தேனே. பசையைப் பூசிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய. அதற்குப் பிறகு அவர் மகனோடு வைபரில் கதைக்கிறது கதவுக்கு வெளியே கேட்டால் நின்று கேட்பேன். பொடியன் மணிக்கணக்காய் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கதைப்பான். அக்கா இந்தப் பக்கத்தில் “கேக்குது... கேக்குது... சொல்லு...” என்றபடி இருப்பார்.

கோயிலில் மட்டும் ஓம் வரும். எங்கள் சனமும் மொறீசியஸ்காரரும் சேர்ந்து ஒரு மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூசை வைப்போம். எல்லோரோடும் சேர்ந்து ஓம் நமசிவாய என்பார். நான் விடுவேனா, சாமிக்கு மட்டும் சொல்லலாமோ என்று காதுக்குள் கேட்டேன். “அங்கை ஒருத்தரும் எழுதிக்கொண்டு இருக்கேல்லைத்தானே” என்றார். அக்கா சொன்ன ஒரே பகிடி அதுதான், அதுவும் பகிடியோ தெரியாது.

இவருக்கு அடிவயிற்றில் குடலிறக்கம் வந்தது அதற்கடுத்த மாசி மாதம். பிரான்காச்சோவில் ஒரு தளபாடப் பட்டறையில் அலுமாரி தூக்குகிற வேலை, வராமல் என்ன செய்யும். சின்ன ஒப்பரேசன் என்றார்கள். ஆனால் இருதயக் குழாய் அடைப்புக்கு இவருக்கு முந்தியே நெஞ்சில் கம்பி வைத்திருந்தது. தினமும் இரத்தம் இளக்குகிற குளிசை ஒன்று போட வேண்டும். குளிசை விசயத்தில் இவர் சின்னப்பிள்ளை. காலையில் தேத்தண்ணியோடு நான் கையில் வைத்தால் வாயில் போடுவார், வைக்காவிட்டால் இல்லை. ஒப்பரேசனுக்குத் திகதி தந்த அன்று தாதி ஒருத்தி விறுவிறென்று நிறையச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் “சி, சி” என்று தலையாட்டிவிட்டு வந்தோம். எங்கள் ஓமை இத்தாலியனில் போட்டால் சி. விளங்கியது பாதிகூட இல்லை.

முதல்நாளே ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வைத்தார்கள். விடிந்தால் ஒப்பரேசன். பின்னேரம் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் வந்தார், இளம் பெண். இரண்டு கேள்வி கேட்டார், நான் இரண்டுக்கும் சி போட்டேன். பேனையை மூடி வைத்துவிட்டு என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து எங்கோ அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் இவருடைய காலடியில் வைத்தார். பாட்டு ஓடியது. பாட்டு நின்றது.

“வணக்கம். நான் மெடியாத்ரிச்சே. டொக்டர் சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை டொக்டருக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

“அக்கா” என்றேன். இவர் படுக்கையில் நிமிர்ந்தார்.

அக்கா உடனே டொக்டரோடு இத்தாலியனில் கதைத்தார். இவர்கள் தன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், விருப்பமென்றால் வேறு ஆளைக் கேட்கலாம் என்று சொன்னது எனக்கும் விளங்கியது. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு ஆளுக்கு எப்போது காத்திருக்கிறது, தொடருங்கள் என்றார். அதற்குப் பிறகு அக்கா என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. நான் யாரோ ஒரு அம்மா, அவர் யாரோ ஒரு குரல். முட்டைத் தட்டுச் சுவருக்கு நடுவே, பொட்டு வைத்து, சப்பாத்துப் போட்டு, மாத்தகரத்தில் கால் வைத்து இருந்து கதைக்கிறார் என்று எனக்குக் கண்ணில் தெரிந்தது. போனுக்குள்ளே தூரத்தில் ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து, “சிஞ்ஞோரா, நிற்பாட்டிவிட்டேன்” என்று கத்தியதும் அந்த வாட்டுக்குள் கேட்டது. டொக்டர் புருவத்தைத் தூக்கினார்.

வயது, பழைய வருத்தங்கள், ஒவ்வாமை என்று போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் படபடத்தால் ஓம்தான் வாயில் வரும்.

“அம்மா, உங்கடை அவர் இரத்தம் இளக்குற குளிசை ஒண்டு போடுறவர் எண்டு டொக்டர் சொல்லுறா.”

“ஓம்.”

“ஒப்பரேசன் செய்யேக்கை அது ஆபத்து. அதாலை, கொஞ்ச நாளுக்கு முன்னமே அதை நிப்பாட்டச் சொல்லி, திகதி தந்த அண்டு தாதி சொன்னவவாம்.”

“ஓம்... ஓம்...”

“சொன்னபடி நிப்பாட்டிப்போட்டீங்களோ?”

“ஓம்.”

அக்கா அதை இத்தாலியனில் சொல்லவில்லை. தெளிவுபடுத்திக் கேட்கப் போகிறேன் என்று டொக்டருக்குச் சொன்னார். பிறகு குரல் எங்கள் குசினிக் குரலாய் மாறிவிட்டது.

“அம்மா, இது எந்த ஓம்?”

அத்தோடு போன் செத்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பொயிலர். மாசிக் குளிருக்கு அக்கா காலடியில் சின்ன ஹீற்றர் போட்டிருப்பார், அழைப்பு வந்த பதற்றத்தில் நிற்பாட்ட மறந்திருப்பார், பொயிலர் தானாய்ப் பற்றியிருக்கும். இப்போது மாடிப் படியில் ஓடிக்கொண்டிருப்பார். டொக்டர் திரும்ப அடித்தார், பாட்டுத்தான் ஓடியது. பேனையைத் திறந்தார். என்னைப் பார்த்து, இத்தாலியனில், மெதுவாக, அப்போ சி தானே, நிற்பாட்டியாச்சுத்தானே என்று கேட்டார்.

வாய்க்குள் வந்து நின்றது. ஒரு சி. சொன்னால் அவர் எழுதிவிட்டுப் போவார், விடிந்தால் ஒப்பரேசன், மத்தியானம் வீட்டுக்கு. இவர் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தார். எந்த ஓம்? எனக்கே தெரியவில்லை. தாதி சொன்னதில் குளிசை என்ற சொல் வந்ததா? வந்தது. அதற்குப் பிறகு வந்த சொல் என்ன? நான் எதற்குத் தலையாட்டினேன்? இன்று காலையில் தேத்தண்ணி ஊற்றினேன், இவருடைய உள்ளங்கையில் என்ன வைத்தேன்? அந்தரம் என்றால் என்ன என்று அக்கா அன்று கேட்டபோது நான் பாலும் மணியும் என்று உளறினேனே. அந்தரம் இதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, பொறுங்கள் என்று டொக்டருக்குக் காட்டினேன்.

பாட்டு நின்றது. முதலில் மூச்சிரைப்புத்தான் வந்தது. மூன்று மாடி. டொக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம், ஒரு சொல் விடாமல், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, முழுக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். நான் ஒரு ஓமும் போடாமல் கடைசிவரை கேட்டேன்.

“நிப்பாட்டேல்லை,” என்றேன். “இண்டைக்குக் காலைமையும் குடுத்தனான். நான்தான் குடுத்தனான்.”

அக்கா அதை இத்தாலியனில் சொன்னார். டொக்டர் பேனையை மூடினார். இவருடைய காலைப் போர்வைக்கு மேலால் ஒருதரம் தட்டிவிட்டு நிறையச் சொன்னார்.

“நாளைக்கு ஒப்பரேசன் இல்லை. இந்தக் குளிசையோடை வெட்டினா இரத்தம் நிக்காது, ஆளைக் காப்பாத்துறது கஷ்டம் எண்டு டொக்டர் சொல்லுறா.” அக்காவின் குரல் ஏற்ற இறக்கமில்லாமல்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது, கடகட, கடகட என்று. மிதிகட்டை. கட்டிய சீலை எப்படியோ அவிழ்ந்துவிட்டது போலும்.

இவரை அன்று இரவுக்கு வாட்டிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகையில் இருட்டிவிட்டது. வாசலில் கொந்தாத்தோரேப் பெட்டியின் கதவு திறந்தபடியே கிடந்தது, மூடிவிட்டு ஏறினேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், கட்டிப்பிடிக்கிறதோ, காலில் விழுகிறதோ என்று. சிவப்புத் துவாய் பிடியில் இல்லை. அக்கா தண்ணீர்த் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். பின்னல் குலைந்து, ஒரு காலில் மட்டும் சப்பாத்து. திரும்பி என்னைப் பார்த்தார்.

“அண்ணைக்கு என்னவாம்?” என்று கேட்டார். ஒன்றுமே தெரியாத ஆள் மாதிரி.

அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே. நானும் புதிதாய்ச் சொல்லுகிற மாதிரியே சொன்னேன்.

“நாள் மாத்திப்போட்டினம் அக்கா. குளிசையை நிப்பாட்டிப்போட்டு, பிறகு செய்யினமாம். பயமில்லையாம்.”

தண்ணீர்க் குழாயை மூடினார். ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்தார், அந்த மடிப்புக் குலையாத சட்டையில்.

“ஓம்,” என்றார்.

அது எந்த ஓம் என்று நான் கேட்கவில்லை.